கையால் பார்த்தது

இசக்கியின் வாயை அடைப்பதற்காகத்தான் பியூலா அந்தக் கோடுகளைத் திறந்தாள்.

காலை எட்டு மணி. தூத்துக்குடி பேர்ல்ஸ் கூடைப்பந்து அணியின் பிசியோ பியூலாவின் அறையில், மேஜை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். முப்பத்தொரு வயது, ஆறடி ஒரு அங்குலம், அணியின் கேப்டன். அன்று மாலை ஐந்து மணிக்குக் கொச்சியோடு கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் நான்காவது இடம், பிளே-ஆஃப். தோற்றால் வீட்டுக்கு. வெறும் தோல்வி என்றால்கூடப் பரவாயில்லை, பிளே-ஆஃபுக்குப் போகாவிட்டால் அணியை அகமதாபாத்காரர் ஒருவருக்கு விற்றுவிடப் போவதாக முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். அகமதாபாத்துக்குப் பாதிப் பெண்களை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

இப்படிப்பட்ட நாளில் கேப்டன் பெஞ்சில் உட்கார வேண்டும். அவளுடைய இடது முழங்காலுக்கு எழுபத்தொன்று விழுந்திருந்தது.

"எனக்கு வலிக்கலக்கா. வீங்கல. நேத்து எங்க வீட்டு மாடிப்படிய முப்பது தடவ ஏறி இறங்கிப் பாத்தேன். எழுபத்தொண்ணாம்லா! அந்த ஜோசியக்காரிக்கு எம்மேல என்ன வஞ்சமோ."

ஜோசியக்காரி என்பது பெண்கள் வைத்த பெயர். லீக் அதற்கு வைத்த பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. நான்கு வருஷங்களாக ஆட்டத்தின்போது ஒவ்வொருத்தியும் இரண்டு முழங்காலிலும் ஒரு பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். பார்வைக்குச் சாதாரணத் துணிப்பட்டைதான், ஆனால் உள்ளே நூலோடு நூலாக உணரிகள் ஓடுகின்றன. எப்படிக் குதிக்கிறாள், எப்படித் தரையில் இறங்குகிறாள், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறாள் என்பதையெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் படித்து, இந்த சீசன் முடிவதற்குள் அந்த முழங்கால் மூட்டைக் கட்டி நிறுத்தும் லிகமென்ட் கிழிய நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண் சொல்லும். அறுபதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தவள் கோர்ட்டில் கால் வைக்க முடியாது. வேறெந்த அணியும் அவளைத் தொடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டா நேர்காணல்களில்கூட எண்ணைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு ஜாதகமெல்லாம் அமோகமாகப் பொருந்தி வந்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தி, முட்டி நம்பர் எவ்வளவு என்று கேட்டாளாம்.

பியூலாவுக்கு மட்டும் அது ஜோசியக்காரி இல்லை. இருபத்து நான்கு வயதில், ஒரு மாநிலப் போட்டியின் அரையிறுதியில் ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கியபோது அவளுடைய வலது முழங்கால் கிழிந்தது. அந்தச் சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்டதாக அவள் அண்ணன் சொன்னான். அதோடு ஆட்டம் முடிந்தது. இப்போது நாற்பத்தொரு வயது, இன்றும் படி இறங்கினால் கைப்பிடியைத் தேடும் கை. அன்றைக்கு இப்படியொரு பட்டை இருந்திருந்தால் என்று அவள் நினைக்காத நாள் கிடையாது. அதனால் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

இரண்டு சீசனுக்கு முன் ஜாய்ஸ் என்ற பெண்ணை அறுபத்தாறு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஜாய்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலியே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பியூலா நினைத்தாள். அதற்கு அடுத்த ஆட்டத்திலேயே அமலி என்ற பெண், வெறும் பதினாலு எண்ணை வைத்துக்கொண்டே, காலைக் கிழித்துக்கொண்டு விழுந்தாள். நூறு பேரில் பதினாலு பேருக்கு நடக்கத்தானே செய்யும் என்று லீக்கிலிருந்து பதில் வந்தது. சரிதானே என்று பியூலாவும் விட்டுவிட்டாள்.

"ஏட்டி இசக்கி, இங்க பாரு. இப்ப ஒனக்கு மெஷின் என்ன பாத்துச்சுன்னு காட்டுதேன். அப்புறமாவது வாய மூடு."

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கோடுகளை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி விதியும் இல்லை. பியூலா திரையில் ஒன்பதாவது ஆட்டத்தை எடுத்தாள். மேலே வலது கால், கீழே இடது கால். குதித்த இடமெல்லாம் கோடு மேலே எழும்பியிருந்தது.

"இது மொத குவார்ட்டர். இது ரெண்டாவது. இது..."

நிறுத்தினாள். மூன்றாவது குவார்ட்டரில் வலது காலின் கோடு நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடந்தது. ஒரு குதிப்பும் இல்லை. கீழே இடது கால் மட்டும் குதித்துத் தள்ளியிருந்தது. முப்பத்தொரு குதிப்பு, பதினாலு திருப்பம்.

"ஒன்பதாவது மேட்ச்ல நீ மூணாவது குவார்ட்டர் ஆடுனியா?"

"எங்கக்கா? நாலு ஃபவுல் ஆயிட்டுன்னு சார் உக்கார வச்சிட்டாரே. குவார்ட்டர் பூரா பெஞ்சுதான்."

"பெஞ்சுல உக்காந்துக்கிட்டு இடது காலால மட்டும் முப்பத்தோரு தடவ குதிச்சியாக்கும்?"

இசக்கி சிரிக்க வாயெடுத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, திட்டக் கூடாது."

"சொல்லு."

"நாங்க மாத்திப் போடுவோம்க்கா. இடது பட்டைய."

பியூலாவுக்குப் புரியவில்லை. இசக்கி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"மொத சீசன்ல ஒருத்தி இடது பட்டைய லாட்ஜுலயே விட்டுட்டு வந்துட்டா. அப்ப அது வெறும் துணிதான, மெஷினெல்லாம் இல்ல. இன்னொருத்தி தன்னோடதக் கழத்திக் குடுத்தா. அன்னைக்கு இருவது பாயிண்ட்ல ஜெயிச்சோம். அதுலருந்து ஆளுக்கொரு ஜோடி. கோர்ட்டுக்கு இறங்க முன்ன ஜோடியோட இடது பட்டைய வாங்கிப் போட்டுக்கிடுவோம். முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவோம். ஒங்ககிட்ட சொன்னா நிறுத்திப்புடுவியன்னு சொல்லல."

"மெஷின் வந்த நாலு வருசமுமா?"

"ஆமாக்கா. மெஷினு குதிக்கிறதத்தான எண்ணுது, யாரு குதிச்சா என்னன்னு நெனச்சிட்டோம்."

பட்டைகளைத் துவைத்து, சார்ஜ் போட்டு, பெயர் பார்த்துப் பையில் வைத்துக் கொடுப்பது பியூலாதான். கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவாள், பெண்கள் உடை மாற்ற வேண்டுமே என்று. மெஷினைக் குறை சொல்லவும் வழியில்லை. இரண்டு காலும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு முழங்காலையும் அது தனித்தனியாகப் படித்தது.

"உன் ஜோடி யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் பதினைந்து பாயிண்ட் எடுத்து ஆட்டத்தைத் திருப்பியவள் யார் என்று தூத்துக்குடிக்கே தெரியும்.

"தஸ்னீம்."

தஸ்னீமுக்கு இருபது வயது, மேலப்பாளையத்துப் பெண். லீக்கிலேயே அதிக பாயிண்ட் எடுத்தவள். அன்று மாலை பேர்ல்ஸின் நம்பிக்கையெல்லாம் அந்த ஒல்லிக் கால்கள் மேல்தான் நின்றது. அவளுடைய இடது முழங்கால் எண் சீசன் முழுக்கப் பத்தொன்பதில் இருந்தது. இசக்கி பெஞ்சில் உட்கார்ந்த இந்த மூன்று ஆட்டங்களில் மட்டும் முப்பது, முப்பத்தேழு, நாற்பத்து நான்கு என்று ஏறியிருந்தது. மாற்றிக்கொள்ள ஜோடி இல்லாததால் அந்த மூன்று ஆட்டங்களிலும் அவள் தன் சொந்தப் பட்டையைப் போட்டிருக்கிறாள். பியூலா பக்கத்தில் 'களைப்பு' என்று எழுதி வைத்திருந்தாள்.

பத்தொன்பது, இசக்கியின் முழங்கால். எழுபத்தொன்று, இந்தச் சின்னப் பெண்ணுடையது.

ஆள் அனுப்பி தஸ்னீமை வரச் சொன்னாள். அவள் வாயில் பாதி இட்லியோடு ஓடிவந்தாள். ஓடிவந்ததைப் பார்த்ததும் பியூலாவுக்குக் கோபம் வந்தது.

"ஓடாதட்டி! படு."

மேஜையில் படுக்க வைத்து, தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கீழ்க்காலை மறுகையால் முன்னால் இழுத்துப் பார்த்தாள். படித்த காலத்தில் முதலில் கற்றுக்கொண்ட சோதனை. பட்டை வந்த பிறகு செய்யவே இல்லை. வலது கால் இழுத்த இழுப்புக்குச் சட்டென்று நின்றது. இடது கால் நிற்கவில்லை. ஒரு விரற்கடை வழுக்கிக்கொண்டு வந்து, சொதசொதவென்று எங்கோ ஓய்ந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்போதும் அப்படித்தான்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

தஸ்னீம் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் சொன்னேன்லக்கா. அஞ்சாவது மேட்ச் முடிஞ்ச அன்னைக்கு. இறங்கும்போது உள்ள ஏதோ நழுவுதுன்னு. நீங்க நம்பரப் பாத்துட்டு, பத்தொம்பதுதான், மனசுதான் காரணம், நல்லாத் தூங்குன்னிய. மெஷினே ஒண்ணுமில்லங்கும்போது நான் வலிக்குதுன்னு சொன்னா யாரு கேப்பா? எனக்கே சந்தேகம் வந்துட்டு. வலிக்கிற மாதிரி நான்தான் நடிக்கேனோன்னு."

வலிக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள், வலிக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேரும் உண்மையைச் சொன்னார்கள், இரண்டு பேரையும் பியூலா நம்பவில்லை.

இசக்கி விஷயத்தைச் சொன்னதும் தஸ்னீம் எழுந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தால், பேரம் பேச ஆரம்பித்தாள்.

"சரிக்கா. ஆனா இன்னைக்கு மெஷின்ல நாப்பத்தி நாலுதான? அது விடுதுல்ல? ஒரே ஒரு மேட்ச். நாளைக்கே ஸ்கேன் எடுத்துருவோம். எங்க வாப்பா அகமதாபாத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டாக. டீம் போச்சுன்னா எனக்கு ஆட்டமே போச்சு. இன்னைக்கு ஆடலன்னா இந்த முட்டி இருந்தும் என்ன, போயும் என்ன?"

"நானும் ஒன்ன மாதிரியேதான் ஒரு நாளு கேட்டேன்," என்றாள் பியூலா. "எங்க டாக்டர் விட்டுட்டாரு."

லீக்கிடம் சொல்வதற்கும் வழியில்லை. பட்டை மாற்றிப் போட்டது தெரிந்தால் அந்த சீசனின் ஆட்டங்கள் அத்தனையும் ரத்து. பன்னிரண்டு பெண்களுக்கும் ஐந்து மணிக்கு முன்பே கதை முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால் மெஷின் தஸ்னீமைச் சிரித்த முகத்தோடு உள்ளே அனுப்பும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டம். ஆட்டத்துக்கு முன் பிசியோ கையெழுத்திடும் படிவத்தில், எண்களுக்கெல்லாம் கடைசியில், 'கையால் பார்த்தது' என்று ஒரு பகுதி. மெஷின் வருவதற்கு முந்தைய காலத்து மிச்சம். அதில் 'இயல்பு' என்று தானாகவே நிரம்பி வரும். நான்கு வருஷமாக பியூலா அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வந்தாள். பிசியோ அதை மாற்றி எழுதினால், எண் என்னவாக இருந்தாலும் அந்த ஆட்டக்காரி வெளியே. ஆனால் அதை வைத்து ஒருத்தியை வெளியே தள்ளத்தான் முடியும், சிவப்பு விழுந்தவளை உள்ளே கொண்டுவர முடியாது. அதனால் இசக்கிக்கு அது உதவாது.

மதியம் முழுக்க மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருத்தியாகப் படுக்க வைத்து இழுத்துப் பார்த்தாள். பத்துப் பேருக்கும் நல்லபடியாகவே நின்றது. அவளுடைய கட்டைவிரல்தான் வீங்கிப்போனது.

மூன்று மணிக்குப் படிவத்தைப் பார்த்த கோச் கோமதிநாயகம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா பியூலா, நாப்பத்தி நாலு போட்டிருக்கு. மெஷினே ஆடலாங்கு. நீ என்னத்துக்குக் குறுக்க நிக்க?"

"கையால பாத்தேன் சார். நிக்கல."

"கையா? கோடிக்கணக்கான தடவ குதிச்சத எண்ணிப் பாத்துச் சொல்லுது அது. ஒன் கை எத்தன பாத்திருக்கு?"

"என் முட்டி கிழிஞ்சத என் கைதான் சார் மொதல்ல பாத்துச்சு."

கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக மாதச் சம்பளத்தில் பாதியைப் பெண்களுக்கு ஷூ வாங்கியே தீர்த்தவர். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இசக்கியும் இல்ல, அவளும் இல்ல. நான் யார வச்சும்மா ஆடுவேன்?" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்க பியூலாவுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அவள் எழுதியதை அழிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் அவள் முதல் தடவையாக வெளியே போகாமல் நின்றாள். "இன்னைக்கு யாரும் மாத்தக் கூடாது. அவஅவ பட்டைய அவஅவ போடுங்க," என்றாள். பத்துப் பேரும் மாட்டிக்கொண்ட முழியோடு தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டம் நன்றாகத்தான் நடந்தது, அதுதான் இன்னும் கொடுமை. பெஞ்சின் ஒரு முனையில் இசக்கி, எழுந்து எழுந்து கத்திக் குரலே போய்விட்டது. அவளுக்கு ஒரு குறையும் இல்லாத முழங்கால், வீணாக மடங்கிக் கிடந்தது. மறு முனையில் தஸ்னீம், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு. கடைசி ஒன்பது விநாடிகளில் பேர்ல்ஸ் அறுபத்தெட்டு, கொச்சி எழுபது. பதினெட்டு வயதுச் சின்னப் பெண் ஒருத்தி எறிந்த பந்து வளையத்தில் இரண்டு தடவை முட்டி, வெளியே விழுந்தது.

யாரும் பியூலாவோடு பேசவில்லை. உடை மாற்றும் அறையிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே சொன்னது மட்டும் வெளியே கேட்டது. "பட்டைய மாத்தியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

அதைக் கேட்டு பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் லீக்குக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். ஜெயித்திருந்தால் எழுதியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது. இசக்கியின் எழுபத்தொன்றை ரத்து செய்தார்கள், அவள் ஆட ஆட்டம் எதுவும் மிச்சமில்லாத வாரத்தில். அணியை விற்பதா வேண்டாமா என்பதை விசாரணை முடியட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டார். பியூலாவின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். தஸ்னீமின் ஸ்கேனில் லிகமென்ட் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. இன்னொரு தடவை ஏடாகூடமாக இறங்கியிருந்தால் மீதியும் போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போதே நிறுத்தியதால் அடுத்த சீசனுக்கு ஆடலாம். அதற்குப் பிறகும் தஸ்னீம் ஒரு மாதம் பியூலாவின் போனை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவளே கூப்பிட்டு, ஒரு முன்னுரையும் இல்லாமல், "இன்னைக்கு நழுவலக்கா," என்றாள்.

வேலை இல்லாத பியூலாவுக்கு ஒரு கேள்வி மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை திருச்செந்தூர் பேருந்து நிலையத்துக்குப் போய், உடன்குடி பஸ்ஸில் ஏறினாள்.

"அக்கா! எங்க போறிய?" இரண்டு சீசனுக்கு முன் அவள் வீட்டுக்கு அனுப்பிய ஜாய்ஸ், கண்டக்டர் சட்டையில், கையில் டிக்கெட் மெஷினோடு நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஒன்னப் பாக்கத்தான் வந்தேன். முட்டி எப்படிட்டி இருக்கு?"

"அதுக்கென்ன? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்னுக்கிட்டேதான சோலி. இந்த ரோட்டுல இவரு போடுற பிரேக்குக்கு நம்ம பிராக்டிஸ் எல்லாம் ஒண்ணுமே இல்லக்கா." ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்தார். ஜாய்ஸ் நின்ற நிலையிலேயே ஒரு காலில் சாய்ந்து, கடைசி வரிசை வரை எட்டி டிக்கெட் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஜாய்ஸ், நீ ஆடும்போது இடது பட்டைய யார்கூட மாத்துவ?"

ஜாய்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அமலிகூடத்தான். பாவம் அவ. சின்ன நம்பர வச்சிக்கிட்டு அப்படி விழுந்தாளே. ஏன்க்கா கேக்கிய?"

அறுபத்தாறு அமலியுடையது, பதினாலு ஜாய்ஸுடையது. பியூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உடன்குடி வரும்வரை திரும்பவில்லை.

உடன்குடியில் எல்லோரும் இறங்கிய பிறகு, ஜாய்ஸைப் பின் இருக்கையில் கால் நீட்டி உட்காரச் சொன்னாள். தொடையை அழுத்தி, கீழ்க்காலை இழுத்தாள். அந்த முழங்கால் சட்டென்று, அடித்து வைத்த மாதிரி நின்றது. இதைவிட நல்ல முழங்காலை அவள் கை பார்த்ததில்லை.

"என்ன நம்பருக்கா?" என்று ஜாய்ஸ் சிரித்தாள்.

"நம்பர் கெடக்கட்டும். வலிக்குதாட்டி?"

"இல்லக்கா. அப்பவும் வலிக்கல. சொன்னேன்லா."

"ஆமா, சொன்ன," என்றாள் பியூலா.

பஸ் திரும்பக் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அவள் ஜாய்ஸின் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அமலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.